ஏழு புள்ளி இரண்டு

மார்ச் முழுக்க ஏழு புள்ளி இரண்டு.
ஏப்ரல் முழுக்க ஏழு புள்ளி இரண்டு.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே உட்காரலில் எழுதி முடித்த அறுபது இரவுகள்.
ஆட்டு வியர்வையும் மண்ணும் சோடாவும் கலந்து
எங்கள் கம்பளி ஆலையிலிருந்து ஓடைக்கு இறங்குகிற தண்ணீர்
ஒருநாளும் இத்தனை சமர்த்தாய் இருந்ததில்லை.

பிரேமன் நகரத்துக் கொள்முதல்காரர்கள்
சான்றிதழ் இல்லாத கம்பளியை
இனித் தொடுவதாயில்லை என்று எழுதிவிட்டார்கள்.
அதற்காகத்தான் என்னை மொன்டெவிடியோவில் பேருந்தேற்றி
ஆடுகள் மட்டுமே ஏறிட்டுப் பார்க்கும் இந்த ஊருக்கு வரவழைத்தது.
பதினொரு கோப்புகள் செய்தேன். நீல முதுகு.
தரக் கொள்கையைச் சட்டமிட்டு உணவறையில் மாட்டினேன்,
மாத்தேவுக்குத் தண்ணீர் கொதிக்கும் கெண்டிக்கு நேர் மேலே.
முதல் வாரமே ஆவியில் நெளிந்துபோனது
'தொடர்ந்த மேம்பாடு' என்கிற வரி.

வில்மரைக் கூப்பிட்டேன். இரவுப் பணி, கழிவுநீர்த் தொட்டி.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.
படிவம் பதினான்கு சொல்கிறது:
வேர்க்காரணம் கிடைக்கும்வரை ஏன் என்று கேள்,
ஐந்து தடவையாவது.

ஏன் எல்லா நாளும் ஒரே எண்?
அளவி செத்துப்போச்சு, செஞ்ஞோரா. கார்னிவலுக்கு முந்தின வாரம்.
ஏன் சொல்லவில்லை?
சொல்வதற்கு ஒரு படிவம் என்றீர்களே.
அதை ஏன் நிரப்பவில்லை?
அது உங்கள் அறையில் இருக்கிறது.
ஏன் வந்து எடுக்கவில்லை?
இரவில் பூட்டியிருக்கும்.

ஐந்தாவது தேவைப்படவில்லை.
சாவி என் கழுத்தில் தொங்கியது,
நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட நாடாவில்.

அப்படியானால் தண்ணீர் எப்படி இருந்ததென்று
யாருக்குமே தெரியாதா?
குதிரைக்குத் தெரியும் என்றான்.

கொதிகலனுக்குப் பின்னால் அழைத்துப்போனான்.
சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால்
தேதி, தேதிக்குப் பக்கத்தில் ஒரு சொல்.
குடித்தது. குடித்தது. முகர்ந்துவிட்டுப் போனது.
குடிக்கவில்லை. குடிக்கவில்லை.
மழை.
குடித்தது.
அக்கரையில் எச்செகோயன் வீட்டுச் சாம்பல் குதிரை;
விடியும்போது இறங்கிவரும், நுரையைப் பார்க்கும், முடிவெடுக்கும்.
இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.
என் பதினொரு கோப்பிலும்
இப்படி ஒரு பக்கம் இல்லை.

முதலாளி தோன் அனிபால் வாசலில் நின்றபடியே தீர்த்தார்:
வெள்ளையடி. வியாழக்கிழமை தணிக்கை.
டப்பாவும் தூரிகையும் வந்து சேர்ந்தன.
முந்தைய ஆலைகளில் அந்தத் தூரிகையை
நானே எடுத்து நீட்டியிருக்கிறேன்.
இதை எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை.

புதன் இரவு தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்து
சுவரின் மூலையில் சின்னதாய் எழுதினேன்:
பதிவேடு 31, வெளியீடு 1.

தணிக்கையாளர் ஒஃபேலியா பெந்தான்கூர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சுவரை மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் படித்தார்.
இந்தக் கருவியை யார் சரிபார்க்கிறார்கள் என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
வில்மர் மட்டும் பதில் சொன்னான்:
அதற்கு ஒன்பது வயது. பல்லெல்லாம் கெட்டி.

பெரும் இணக்கமின்மை, ஒன்று.
சான்றிதழ் தள்ளிப்போனது.
குளிர்காலம் முழுக்கக் கிடங்கில் கூரை முட்டக் கிடந்தன பொதிகள்.
தோன் அனிபால் செப்டம்பர்வரை என்னோடு பேசவில்லை,
கணக்கரிடம் சொல்லி அனுப்புவார்.

புதிய அளவி வந்தது, பஞ்சு வைத்த பெட்டியில்,
கூடவே இளஞ்சிவப்பும் மஞ்சளுமாய் இரண்டு குப்பி.
என் அறைச் சாவி இப்போது நிலையில் ஓர் ஆணியில்.
பதிவேட்டில் எட்டு புள்ளி நான்கு, ஆறு புள்ளி எட்டு,
கிரீஸ் விரல் பட்டு வாசிக்க முடியாத ஒன்று,
அடித்து எழுதி அடித்ததன் கீழ் கையெழுத்து.

நேற்று விடியலில் அளவி
ஏழு புள்ளி இரண்டு என்று நின்றது.
வில்மர் என்னைப் பார்த்தான். பேனா இறங்கவில்லை.
குப்பிகளில் முக்கி மறுபடி பார்த்தோம்.
ஏழு புள்ளி இரண்டு.

ஒன்றும் பேசாமல் இரண்டு பேரும்
ஓடைக்கரைக்கு நடந்தோம்,
குதிரை வரட்டும் என்று.